இடது ஓரத்திலிருந்து

ஜனவரி 11

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதுவது. இருக்கிற உடம்போடு இருவரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறும்போது இன்னும் சத்தம் போடுகிறதா?

சர்க்யூட் ஃபிலிம் மடித்த நம் பழைய பட்டறையில் நீ சேர்ந்த வருஷம் எது, ஓய்வுக் காகிதத்தில் நிரப்பக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். சொல்கிறேன், கேட்டுக்கொள். ஆற்றுப் பாலத்தில் சரக்கு ரயில் கவிழ்ந்து, ஒரு வாரம் குழாய்த் தண்ணீர் சர்க்கரையாக இனித்ததே, அந்த வருஷம். தபால் ஆபீஸ் கடிகாரம் நாலேகாலில் நின்றுபோனதும் அதே வருஷம்தான். ஒன்பது மாதம் யாரும் அதை ரிப்பேர் பார்க்கவில்லை. கடிகாரம் நின்ற பதினோராம் நாள், மழை விட்ட திங்கள்கிழமை, உன் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றாய். கை நான்கு விரற்கடை நீளமாகத் தொங்கியது. பசைக்காரர் உன்னைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இவன் சட்டையைப் போட்டிருக்கானா, சட்டை இவனைப் போட்டிருக்கா?" என்றார். சூப்பர்வைசர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார். இது எந்த நம்பர் வருஷம் என்று உன் அக்காவைக் கேட்டுக்கொள்.

(தம்பி, கணக்குப் பார்த்துத் தனித் தாளில் எழுதி இதற்குள் வைத்திருக்கிறேன். - அக்கா)

நீ அனுப்பிய மூச்சு மெஷின் வந்து சேர்ந்தது. மூடியைத் தூக்கினால் விளக்கு எரிகிறது, குழாயில் காற்று வருகிறது. பகலில் மூன்று மணி நேரம், அப்புறம் படுக்கும்போது உன் அக்கா போட்டுக்கொள்கிறாள். "என் தம்பி கம்பெனி மெஷின்" என்று கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவரிடம்கூடச் சொல்லிவிட்டாள். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில், கீல் வழியாக வளைந்து போவது நாம் பட்டறையில் மடித்த அதே மஞ்சள் ஃபிலிம்தான், செம்புக் கோடு போட்டது என்று நான் சொன்னேன். அவள் நம்பவில்லை.

(இந்த இடத்தில் உன் அத்தான் மெஷினைப் பற்றி ஒரு குறை சொன்னார். நான் எழுதவில்லை. சும்மா வந்ததைக் குறை சொல்வது அவர் வழக்கம். கல்யாணத்தில் என்னையும் சும்மாதான் கொடுத்தார்கள். - அக்கா)

போனில் எனக்குக் காது கேட்காது, அவளுக்குப் பேச மூச்சு வராது. ஆகவே பதில் எழுது.

இப்படிக்கு,
அத்தான், அக்கா.

(கண்ணாடி கிடைக்கவில்லையாம், அதனால்தான் என்னை எழுதச் சொல்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.)

ஜனவரி 29

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

இங்கே நானும் உங்கள் தம்பி மனைவியும் சுகம். முழங்கால் சத்தம் நின்றுவிட்டது, வலி நிற்கவில்லை. வருஷம் கிடைத்தது. ஆபீஸ் பெண்ணிடம் சர்க்கரைத் தண்ணீர்க் கதையைச் சொன்னேன். "சார், அந்தக் கட்டத்தில் நாலு எண்தான் எழுத முடியும்" என்றாள்.

இன்னும் ஐந்து மாதம். அப்புறம் நான் விடுதலை.

மஞ்சள் ஃபிலிம் என்று அத்தான் சொன்னது சரிதான் அக்கா. ஆனால் இப்போது யாரும் கையில் தொட்டு மடிப்பதில்லை. சர்க்யூட்டை வரைவது வெளிநாட்டில் வேறொரு கம்பெனி. ஃபைலாக அனுப்புவார்கள். இஸ்திரி போட்ட துணி மாதிரித் தட்டையாக வரும். நான் அதை என் கம்ப்யூட்டரில் இறக்கி, பெட்டிக்குள் எப்படி வளைய வேண்டுமோ அப்படித் திரையிலேயே வளைப்பேன். அவர்கள் மனசு மாறினால் புது ஃபைல் வரும். அப்டேட் என்று ஒரு பொத்தான், அழுத்தினால் பழைய படம் இருந்த இடத்தில் புதுப் படம் வந்து உட்காரும். நான் போட்ட மடிப்பு அப்படியே நிற்கும், திரும்பப் போட வேண்டியதில்லை. உங்கள் மெஷினுக்கு மட்டும் போன வருஷம் ஒன்பது அப்டேட். உங்களிடம் இருப்பது ஒன்பதாவது.

அத்தான் சொல்லி அக்கா எழுதாமல் விட்ட குறை என்ன? தெரிந்தால் நல்லது.

உடம்பைக் கவனியுங்கள்.

அன்புடன்,
தம்பி.

பிப்ரவரி 14

அன்புள்ள மைத்துனனுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். கடிதம் கிடைத்தது. கேட்டாய் அல்லவா, இப்போது உன் அக்காவை விடாமல் எழுத வைக்கிறேன்.

மூடியை முழுக்கத் தூக்கினால் விளக்கு கண் சிமிட்டுகிறது. காற்று ஒரு மூச்சு அளவு நின்று, திரும்ப வருகிறது. மூடியைக் கொஞ்சம் இறக்கினால் சரியாகிறது. முதலில் வாரத்துக்கு ஒரு தடவை. இப்போது தினம்.

போன வியாழன் அவள் குளிக்கப் போனபோது கீலின் மேல் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன்.

(ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற கத்தியால். கேட்டால், "நாப்பது வருஷம் இதைத்தான்டி செஞ்சேன்" என்கிறார். - அக்கா)

ஃபிலிம் மடிகிற இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு, தலைமயிர் அளவு. செம்பு விரிசல் விட்டால் இந்த வெள்ளைதான் வரும், உனக்கே தெரியும். கோடு எங்கே போகிறது தெரியுமா? கண் வரிசை மேலேயே போகிறது. மேல் பக்கத்துச் செம்பும் கீழ்ப் பக்கத்துச் செம்பும் சேருவதற்கு வரிசையாக ஓட்டை போட்டிருப்பார்களே, அந்தக் கண்கள் மேல். ஏழு கண். கண் மேல் மடித்தால் பிளந்துவிடும் என்று முதல் நாளே சூப்பர்வைசர் உனக்குச் சொன்னார். அன்றைக்கு நீ கேட்ட கேள்விகூட ஞாபகம் இருக்கிறது. "கண்ணு மேல மடிச்சா குருடாயிடுமா சார்?" என்றாய்.

மாப்பிள்ளை, இந்த மடிப்பை எங்கிருந்து அளந்தாய்?

இப்படிக்கு,
அத்தான், அக்கா.

(தம்பி, நீ வருத்தப்படாதே. எனக்கு மூச்சு நன்றாகத்தான் வருகிறது.)

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். ஆபீஸில் வேலை அதிகம். இங்கே வெயில் சீக்கிரமே வந்துவிட்டது. மாடித் தொட்டியில் வைத்த செடிகள் இரண்டு கருகிவிட்டன. உங்கள் தம்பி மனைவிக்குப் பல் வலி, ஒன்றைப் பிடுங்கியாகிவிட்டது. அக்கா மாத்திரைகளை நேரத்துக்குப் போட வேண்டும். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும்.

கடிதம் எழுதக் கண்ணாடி வேண்டும், தலைமயிர் அளவு விரிசல் பார்க்க வேண்டாம்! நல்ல கண் அத்தான் உங்களுக்கு.

தூசி போயிருக்கலாம். வேறு மெஷின் அனுப்பியிருக்கிறேன், இந்த வாரம் வரும். பழையதைத் திருப்பி அனுப்ப வேண்டாம், சர்வீஸ் ஆட்களிடமும் ஆஸ்பத்திரியிலும் காட்ட வேண்டாம், வீட்டோடு இருக்கட்டும். மூடியை முழுக்கத் தூக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தம்பி.

ஏப்ரல் 27

அன்புள்ள மைத்துனனுக்கு,

எழுத்து வேறாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். உன் அக்கா மேலே படுத்திருக்கிறாள், நல்லபடியாக. இதைக் கீழ் வீட்டுத் தையல்காரம்மா எழுதுகிறார்கள். பாதி தைத்த சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு எழுதுகிறார்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்.

இரண்டாவது மெஷின் வந்தது. வந்த அன்றே தகட்டைக் கழற்றினேன். அதே இடத்தில் மடிப்பு, அதே ஏழு கண் மேல். விரிசல் மட்டும் அப்போது இல்லை. பதினான்காம் நாள் வந்துவிட்டது. ஆகவே தூசி இல்லை.

போன செவ்வாய் பகலில், சாப்பிட்டுவிட்டு அவள் தூங்கும்போது மெஷின் நின்றது. பக்கத்தில் வந்து உரக்கச் சொன்னால்தான் எனக்குக் கேட்கும், அதனால் சத்தம் நின்றது தெரியவில்லை. அவள் கால் விரல்கள் போர்வைக்கு வெளியே மடங்கி நிமிர்வதைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஓடிப் போய் மூடியை ஆட்டினேன். எத்தனை ஆட்டினாலும் வரவில்லை. அப்புறம் கீலுக்குள் கட்டைவிரலை விட்டு ஃபிலிமைக் கொஞ்சம் அழுத்தி, வந்த இடத்தில் அப்படியே பிடித்துக்கொண்டேன். அவள் எழுந்திருக்கும் வரை விரலை எடுக்கவில்லை.

அதிலிருந்து தினமும் பிடித்துக்கொண்டுதான் உட்காருகிறேன். மரத்துண்டு செருகிப் பார்த்தேன், அட்டை மடித்து வைத்துப் பார்த்தேன். மோட்டார் அதிர்வில் நழுவுகிறது. ஃபிலிம் சூடாகச் சூடாகத் தொடுகிற இடமும் மாறிக்கொண்டே இருக்கிறது. விரலுக்குத்தான் அது தெரிகிறது. "என்ன, ராத்திரி பகல்னு மெஷின் பக்கத்துலயே தவம் கிடக்குறீங்க?" என்று அவள் கேட்டாள். "உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கேன், விடு" என்றேன்.

ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னால் வேறு கம்பெனி மெஷின் கொடுப்பார்கள். ஆனால் ஏன், எது கெட்டது என்று கேட்பார்கள், திறந்து பார்ப்பார்கள். உன் பெயர் வரும். உனக்கு இன்னும் இரண்டு மாதம். நான் என்ன செய்யட்டும்? அவளா, அவள் தம்பியா என்று என்னைக் கேட்காதே. எங்கிருந்து அளந்தாய் என்று நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தான்.

ஏப்ரல் 29

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் அத்தானுக்குத் தெரியாது. எனக்குத் தெரியாமல் அவர் உனக்கு எழுதியிருக்கிறார். தையல்காரம்மா மேலே வந்து, "அக்கா, நீங்களும் தம்பிக்கு ஒரு வரி எழுதிடுங்க, எனக்கு மனசு கேக்கல" என்றாள்.

நான் தூங்குகிறேன் என்று அவர் நினைக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உட்கார்ந்தபடியே தலை தொங்கும், விரல் மட்டும் தூங்காது. நகம் கறுத்துவிட்டது. கேட்டால் கதவில் நசுங்கியது என்கிறார். பொய் சொல்லும்போது இடது காதைத் தடவுவார், இப்போது அந்தக் கை கீலில் இருப்பதால் அதுகூட முடியவில்லை.

எனக்கு ஒன்றுதான் கேட்க வேண்டும். இந்த மடிப்பு எனக்கு அனுப்பிய இரண்டு மெஷினில் மட்டும்தானா?

இங்கே எல்லாரும் நலம். நீ நலமா?

அக்கா.

மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று வாரமாகச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றுகிறேன்.

உங்கள் இரண்டு மெஷினில் மட்டும் இல்லை. நானூற்றுப் பன்னிரண்டில்.

அத்தானுக்குப் படித்துக் காட்டு. இடது ஓரத்திலிருந்துதான் அளந்தேன். இருபத்திரண்டு மில்லிமீட்டர். நம் பட்டறையில் எப்படி அளந்தோமோ அப்படியே. கண் வரிசை அந்த மடிப்புக்கு மூன்று மில்லிமீட்டர் இடப்பக்கம் இருந்தது. எட்டு ஃபைல் வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. ஒன்பதாவது ஃபைலில் வெளிநாட்டுக்காரர்கள் இடது ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் கூட்டிவிட்டார்கள், ஃபிலிமைக் கவ்விப் பிடிக்க இடம் வேண்டுமென்று. நான் அப்டேட் அழுத்தினேன். கண்கள் நகரவில்லை அக்கா. ஓரம் நகர்ந்தது. நான் மடிப்பை ஓரத்தோடு கட்டி வைத்திருந்தேன், ஓரத்தோடு அதுவும் நகர்ந்து நேரே கண் மேல் போய் உட்கார்ந்தது.

திரையில் மஞ்சளாக ஒரு எச்சரிக்கை வந்தது. அது தினமும் ஐம்பது வரும். மூடினேன். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு நேரமாகியிருந்தது என்பதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அத்தானின் பிப்ரவரிக் கடிதம் வந்த அன்றே ஒன்பதாவது ஃபைலைத் திறந்து பார்த்தேன், தெரிந்துவிட்டது. பத்தாவது ஃபைல் வந்தபோது யாருக்கும் சொல்லாமல் சரி செய்துவிட்டேன். இனிமேல் செய்கிற மெஷின் எல்லாம் நல்ல மெஷின். செய்து அனுப்பியவைதான்.

உங்களுக்கு அனுப்பிய இரண்டாவது மெஷினும் கிடங்கில் இருந்த பழையது என்று தெரிந்துதான் அனுப்பினேன். வேறு இல்லை. ஒருவேளை அது நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் முப்பதோடு என் வேலை முடிகிறது. அதுவரை பொறுத்தால், அப்புறம் யாராவது கண்டுபிடிப்பார்கள், நான் இருக்கமாட்டேன். இல்லை, இப்போதே போய்ச் சொல்லவா? நீ சொல். நீ சொன்னபடி செய்கிறேன்.

தம்பி.

மே 30

தம்பிக்கு,

எழுத்துக் கோணலாக இருக்கும், படுத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். இடது ஓரம் என்று வந்த இடத்தில் அவர் முகம் போன போக்கைப் பார்த்து அதற்கு மேல் படிக்கவில்லை.

என்னைக் கேட்டுச் செய்கிறேன் என்று எழுதாதே. சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு, அம்மாவிடம் சொல்லவா என்று என்னிடம் வந்து கேட்பாய். அதே மாதிரி இருக்கிறது.

இங்கே பிடித்துக்கொள்ள உன் அத்தான் விரல் இருக்கிறது. மற்ற நானூற்றுப் பத்தில் யார் பிடிக்கிறார்கள்?

அக்கா.

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நலமா? சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்த அடுத்த திங்கள்கிழமை. பெரிய அதிகாரியின் மேஜையில் ஒரு ஃபிலிமை வைத்து, கையாலேயே மடித்து, மறுபடி மடித்து, வெள்ளைக் கோடு வந்ததும் காட்டினேன். பதினாறு மடிப்பில் வந்தது. எல்லா வீட்டுக்கும் போன் போகிறது, மெஷின்களைத் திரும்ப எடுக்கிறார்கள். இரண்டு வீட்டில் நின்றிருக்கிறது. கடவுள் புண்ணியத்தில் ஆட்கள் பிழைத்துவிட்டார்கள். உங்களுக்கு நல்ல மெஷின் கிளம்பிவிட்டது. பெட்டியின் மேல் பச்சைக் காகிதம் ஒட்டியிருக்கும்.

விசாரணை நடக்கிறது. விசாரிக்கிற அதிகாரி என் மகன் வயது. திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்.

"மடிப்பைக் கண் வரிசையிலிருந்துதான் அளக்கணும். வெளிநாட்டு ஃபைல்லயும் அப்படித்தான் குறிச்சிருக்காங்க. கண்ணோட கட்டியிருந்தா ஓரம் எங்க போனாலும் மடிப்பு நகர்ந்திருக்காது. நீங்க ஏன் சார் ஓரத்துல கட்டினீங்க?"

"எங்க பட்டறையில அப்படித்தான் பழக்கம்."

"எந்தப் பட்டறையிலயும் அப்படிப் பழக்கம் கிடையாதே. எழுத்துல இருக்கா? அங்க வேலை பாத்தவங்க யாராவது சொல்வாங்களா?"

சொல்ல ஆள் இல்லாவிட்டால், வேலையை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றே செய்தேன் என்று எழுதிவிடுவார் போல இருக்கிறது. தப்பு செய்தவன் என்று எழுதட்டும் அக்கா, தெரிந்தே செய்தவன் என்று எழுத வேண்டாம். நீ பட்டறையில் படம் நகல் எடுக்கிற அறையில் இருந்தவள். ஏன் இடது ஓரம், மடிப்பை அளக்க எல்லாரும் வைத்திருந்தோமே, அந்த அளவுக்கட்டை எப்படி வந்தது, இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அத்தானும் கையெழுத்துப் போடட்டும்.

அன்புடன்,
தம்பி.

ஜூலை 20

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போன தடவை வந்தபோது படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினாய். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், நலம் என்றே எழுதச் சொல்கிறேன். எழுதுவது தையல்காரம்மா.

காரியத்துக்கு வந்திருந்த இரண்டு நாளும் நீ அந்த மெஷின் இருந்த மூலைப் பக்கம் திரும்பவே இல்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை. ஆட்கள் நிறைய இருந்தார்கள், எனக்குக் காதும் கேட்காது. பஸ் ஏறும்போது நீ ஏதோ கேட்டாய். வாயசைவில் புரிந்தது. மெஷின் நின்றதா என்று கேட்டாய். பஸ் கிளம்பிவிட்டது.

மெஷின் நிற்கவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது, குழாயில் காற்று வந்துகொண்டிருந்தது, என் விரல் கீலில் இருந்தது. அவள்தான் நின்றுவிட்டாள். காலை ஏழு மணி, பால்காரர் மணி அடித்துவிட்டுப் போன பிறகு. என் விரல் நழுவவில்லை.

இந்த வரியை எழுதட்டுமா என்று தையல்காரம்மா இரண்டு தடவை கேட்டார்கள். எழுதுங்கள் என்றேன்.

பச்சைக் காகிதம் ஒட்டிய பெட்டி, நாளை வரும் நாளை வரும் என்று காத்திருந்தது, ஆறாம் தேதிதான் வந்தது. தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். மடிப்பு கண்களை விட்டுத் தள்ளி, சுத்தமாக இருந்தது. நல்ல வேலை. அதை ரயில் கேட் பக்கத்து வீட்டு ரிடையர்டு டிரைவருக்குக் கொடுத்துவிட்டேன். படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கும்.

இப்போது நீ ஜூன் மாதம் கேட்டதற்கு வருகிறேன். உன் கடிதம் அவள் தலையணைக்குக் கீழே இருந்தது. அதற்குள் ஒரு தாள். எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன், தையல்காரம்மா படித்தார்கள். "அன்புள்ள தம்பிக்கு, அளவுக்கட்டை விஷயம்" என்று மட்டும் இருக்கிறதாம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மூச்சு முட்டி நிறுத்தினாளா, மேலே எழுதினால் என்னைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும் என்று நிறுத்தினாளா, தெரியவில்லை. அவள் நிறுத்திய இடத்திலிருந்து நான் சொல்கிறேன். இதை அப்படியே அந்த அதிகாரியிடம் கொடு.

ஐயா, நான் அந்தப் பட்டறையில் முதல் மடிப்பு ஆளாக இருந்தவன். சர்க்கரை ரயில் கவிழ்வதற்கு மூன்று வருஷம் முன்பு, நகராட்சிக் குளத்தில் மீனெல்லாம் செத்து மிதந்த வருஷம், கேமராவுக்குள் போகிற புது சர்க்யூட் ஃபிலிம் ஒன்று வந்தது. வரைபடத்தில் மடிப்பு அளவைக் கண் வரிசையிலிருந்துதான் போட்டிருந்தார்கள். நீங்கள் சொல்வதுதான் சரி. எனக்கு அந்த எண்ணைப் படிக்கத் தெரியவில்லை. எந்த எண்ணும், எந்த எழுத்தும் தெரியாது. அதுவரை ஒவ்வொரு ஃபிலிமையும் அதன் வடிவத்தை வைத்து ஞாபகத்தில் மடித்துக்கொண்டிருந்தேன். புதுசுக்கு ஞாபகம் ஏது? படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்கிற மாதிரி நின்றேன். தலைகீழாகப் பிடித்திருந்தேன்.

நகல் எடுக்கிற அறை ஜன்னலிலிருந்து ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் ஒரு மரக்கட்டை கொண்டு வந்து கொடுத்தாள். எண் இல்லாமல், பிளேடால் கோடு மட்டும் கீறியிருந்தது. "இந்த முனையை இடது ஓரத்துல வைங்க, கோடு வர்ற இடத்துல மடிங்க. ஓரம் எல்லாம் ஒரே அச்சுல வெட்டினதுதான், மாறாது" என்றாள். மறுநாள் சூப்பர்வைசரிடம், கட்டை வைத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று அவளே சொன்னாள். முடிந்தது. என்னைப் பார்த்தே அவர் காரணத்தைக் கண்டுகொண்டார், ஆனாலும் எல்லா மேஜைக்கும் கட்டை வந்தது. பசைக்காரர், சம்பளப் பேரேட்டில் என் கையெழுத்தை அவரே போட்டுக்கொண்டிருந்தவர், "ஒரு ஆளுக்காக ஊருக்கே கட்டை போட்டுட்டியேம்மா" என்றார். மூன்று வருஷம் கழித்து என் மைத்துனன் வந்தபோது நான்தான் அவன் கையில் ஒரு கட்டையைக் கொடுத்தேன். "இடது ஓரம், மறக்காதே" என்றேன். அவன் மறக்கவில்லை. ஏன் என்று அவனுக்குச் சொல்லவும் இல்லை. ஆகவே அவன் தெரிந்து செய்தான் என்று எழுதாதீர்கள்.

மாப்பிள்ளை, அதிகாரிக்கு இவ்வளவு போதும். இனி உனக்கு. கண்ணாடி என்று ஒன்று எனக்கு எப்போதும் இருந்ததில்லை. அவள் உனக்கு எழுதிய கடிதங்களில் அது ஒன்றுதான் பொய், அதையும் எனக்காகச் சொன்னாள்.

கையெழுத்து வேண்டும் என்றாய். கீழே இருப்பது கட்டைவிரல். தையல்காரம்மா மை தடவி மூன்று தடவை அழுத்திப் பார்த்தார்கள், ரேகை விழவில்லை. மடித்து மடித்துத் தேய்ந்துபோயிருக்கிறது, வெறும் கறுப்பு வட்டம்தான் விழுகிறது. இது யாருடையது என்று அதிகாரி கேட்டால் சொல். அந்தக் கட்டை எதற்காக வந்தது என்று தெரிந்தவர்கள் நாலு பேர். சூப்பர்வைசர், பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே மாற்றிய வருஷம் போய்விட்டார். பசைக்காரர், இரண்டு நாள் விடாமல் கரண்ட் இல்லாமல் இருந்ததே, அதில் முதல் நாள் போனார். உன் அக்கா இந்த மாதம் மூன்றாம் தேதி, பால் வந்த பிறகு. மிச்சம் உயிரோடு இருப்பது, எழுதப் படிக்கத் தெரியாத உன் அத்தான்.